தலை ஒன்று

என் தம்பியின் மூளையை நான் மூன்று கம்ப்யூட்டர்களில் ஏற்றி வைத்திருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் வேலை. மூளையின் ஸ்கேன் படங்களை வாங்கி, எந்தப் பகுதி எவ்வளவு பெரிது, போன வருடத்தைவிட எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் மென்பொருள் ஒன்றை எங்கள் அலுவலகம் தயாரிக்கிறது. எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். நான் அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று இயங்குதளங்களிலும் நிறுவி, ஓட்டிப் பார்த்து, எங்கே உளறுகிறது என்று கண்டுபிடிப்பேன். குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். இதே குணத்துக்கு எங்கள் குடும்பத்தில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களில் முக்கியமானவன் என் தம்பி. என்னைவிட நான்கு வயது சின்னவன், நாற்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருப்போம். அவன் எழுதியதை நான் திருப்பி அனுப்புவேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே திருத்துவான். திருத்தியதையும் திருப்பி அனுப்புவேன். நாற்காலியைச் சுழற்றி, "ஏன் அக்கா, போன ஜென்மத்துல நான் உனக்கு மாமியாரா?" என்பான். வருடக்கணக்காக அந்தச் சண்டையில்தான் எங்கள் மென்பொருள் வளர்ந்தது.

நோயாளிகளின் படங்கள் மருத்துவமனையை விட்டு வெளியே வரக்கூடாது. அதனால் எங்களைப் போன்ற இடங்களில் சோதனைக்கு அவரவர் தலையையே கொடுப்பது வழக்கம். தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் மருத்துவமனையில், ஸ்கேன் அறை காலியாக இருக்கும் மதியமாகப் பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்துவிட்டு வருவார்கள். முதலில் போய்ப் படுத்தவன் தம்பி. அதனால் அவன் படங்களுக்கு 'தலை ஒன்று' என்று பெயர். அப்புறம் தலை இரண்டு, தலை மூன்று என்று வரிசையாக வந்தார்கள். நாளடைவில் எல்லோரும் அவனையே 'தல' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனுக்கும் அது பிடித்திருந்தது.

நான் மட்டும் தலை கொடுக்கவில்லை. அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்தால் மூச்சு முட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். முட்டுமா என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் படுத்துப் பார்த்ததில்லை. எங்கள் அப்பா ஐம்பது வயதில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றவர். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் யாரோ வேலையாட்கள் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அது எங்களில் யாருக்கு வரும் என்று தெரிந்துகொள்ளத் தம்பிக்குத் துணிச்சல் இருந்தது. எனக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மூளையில் எத்தனையோ பகுதிகள் இருந்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றை. காதுகளுக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, சுண்டுவிரல் பருமனில் வளைந்து கிடக்கும். புதிதாக நடப்பதைப் பிடித்து நினைவில் சேர்ப்பது அதுதான். கடல்குதிரை மாதிரி இருக்கிறது என்று யாரோ அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் சுருக்கமாகக் 'குதிரை' என்போம். நல்ல உடம்பில் வருடத்துக்கு நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே அதிகம். அப்பாவுக்கு வந்தது வந்தால் முதலில் மெலிவது குதிரைதான்.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. மூன்று இயங்குதளமும் ஒரே பதிலைச் சொன்னால்தான் அது பதில். தசமப் புள்ளிக்குப் பின்னால் சில்லறை வித்தியாசம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. இரண்டு ஒன்றைச் சொல்லி மூன்றாவது வேறொன்றைச் சொன்னால் அதற்குப் பெயர் பிழை. பிழையைக் கண்டுபிடிக்கும்வரை எதையும் நம்பக்கூடாது. இந்த விதியைப் போட்டதே தம்பிதான்.

இந்த வருடத்துப் புதிய பதிப்பில் பெரும்பகுதியை அவன் மறுபடி எழுதியிருந்தான். அரை நாள் எடுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் மேலாளருக்கு 'நாளைக்கே' என்று பெயர். எதைச் சொன்னாலும் நாளைக்கே வேண்டும் என்பார். அவர் வந்து தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இதை நாளைக்கே மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடியுமா என்று என்னைக் கேட்டார். சோதனை முடியட்டும் என்றேன். லினக்ஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போய்ப் புதிது வாங்கியிருந்தோம். அதில் மட்டும் இயங்குதளத்திலிருந்து எல்லாவற்றையும் அடியிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. மற்ற இரண்டிலும் பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

தலை ஒன்றின் போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் கொடுத்து ஓட்டினேன். விண்டோஸ், குதிரையில் மாற்றம் பூஜ்யம் என்றது. மேக்கும் பூஜ்யம் என்றது. லினக்ஸ் மட்டும் பழையபடி அரை நாள் எடுத்துக்கொண்டு, நூற்றில் ஏழு பங்கு குறைந்திருக்கிறது என்றது.

நாற்காலியைத் திருப்பித் தம்பிக்குக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "லினக்ஸுக்கு என் மேல என்னமோ கடுப்பு அக்கா. டிஸ்க் செத்ததுக்கு நான்தான் காரணம்னு நினைக்குது போல" என்றான். நானும் சிரித்தேன். பூஜ்யம் என்பது அவ்வளவு சுத்தமான பதில். ஒரே ஆள் இரண்டு நாள் அடுத்தடுத்துப் படுத்தாலே கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதைப் பார்த்ததுமே எனக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டும். வேறு யார் தலையாக இருந்தாலும் வேர்த்திருக்கும்.

லினக்ஸை ஒரு கை பார்ப்பது என்று இறங்கினேன். கூட்டல் கழித்தலுக்குக்கூட ஒவ்வொரு இயங்குதளமும் வேறு வேறு துணை நிரல்களை நம்பியிருக்கிறது. கடைசி இலக்கத்தில் வரும் கடுகளவு வித்தியாசம் ஆயிரம் படிகளைத் தாண்டும்போது பெரிதாகிவிடலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, துணை நிரல்களை மாற்றிப் பார்த்தேன். பழைய லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். ஏழு ஏழாகவே இருந்தது. தலை இரண்டு, தலை மூன்று, தலை நான்கு எல்லாம் அதே லினக்ஸில் ஓடி ஒழுங்கான பதிலைக் கொடுத்தன. அரைப் பங்கு, முக்கால் பங்கு, அதற்கு மேல் இல்லை. அவற்றை மற்ற இரண்டிலும் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்கேனில் தம்பி தலையை ஆட்டியிருப்பான், படம் கலங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தைத் திறந்து பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு ஆலோசனை சொல்ல வரும் நரம்பியல் டாக்டரம்மாவின் காதுக்கு விஷயம் போனது. அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, வந்து உட்கார்ந்தால் ஞாபகச் சோதனைகள் செய்து பார்த்துவிடலாம், ஒரு மணி நேர வேலைதான் என்றார். அப்பாவின் கதை அவருக்குத் தெரியும். தம்பி விதியைத் தூக்கிக் காட்டினான். "மூணும் ஒரே மாதிரி சொல்லட்டும் டாக்டர். அன்னைக்கே வந்து உக்காந்துக்கறேன்" என்றான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தம்பி பக்கம்தான் பேசினேன். லினக்ஸில் கோளாறு இருக்கிறது, கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எனக்கு வேண்டியது அந்தக் கோளாறு. வாழ்க்கையில் எந்தப் பிழையையும் நான் அப்படி ஆசைப்பட்டுத் தேடியதில்லை.

இரண்டொரு நாளில் தம்பியின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவள். அலுவலகப் பக்கம் வருகிற ஆளே இல்லை. அவன் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, உள்ளே வரமாட்டேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனவன், பழைய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறான். மகள் பள்ளி மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து மனைவிக்குப் போன் செய்து, எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், இவள் மட்டும் இன்னும் வரவில்லை என்று பதறியிருக்கிறான். ஒரே கதையை ஒரே சாப்பாட்டில் இரண்டு முறை சொல்கிறான். முன்பு வராத கோபம் வருகிறது. வேலைப் பளு என்று நினைத்துச் சமாளித்திருக்கிறாள். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவரைக் கேட்டா, ரெண்டு மிஷின் நல்லாருக்குன்னு சொல்லுது, ஒண்ணுதான் கிறுக்குங்கறாரு. அண்ணி, எந்த மிஷின் சொல்றது நிஜம்?"

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். எனக்கும்தான் சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் மறக்கிறது, அதற்காக நான் நோயாளியா என்று கேட்டேன். புருஷனுக்கு நோய் வரவேண்டும் என்று காத்திருக்கிறாயா என்றுகூடக் கேட்டேன். சொல்லக்கூடாத வார்த்தை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்று முழுவதும் அவள்மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. எதனால் ஆத்திரம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த வாரம் மேலாளர் 'நாளைக்கே' வந்து ஒரு யோசனை சொன்னார். மூன்றில் இரண்டு தேறிவிட்டதல்லவா, அந்த இரண்டுக்கும் மென்பொருளை அனுப்பிவிடலாம், லினக்ஸ் வைத்திருக்கிற மருத்துவமனைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அவர்களுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. லினக்ஸை மட்டும் அடியிலிருந்து நிறுவியிருக்கிறேன், மற்ற இரண்டும் பழைய வீட்டில் புதிய ஆள் குடிவந்த மாதிரி இருக்கின்றன, மூன்றையும் ஒரே மாதிரி சுத்தமாகத் துடைத்து நிறுவினால்தான் ஒப்பிடவே முடியும் என்றேன். வார இறுதிவரை அவகாசம் கொடுத்தார். அவர் வரலாற்றிலேயே அது பெரிய தாராளம்.

நல்லது நினைத்துத்தான் செய்தேன். விண்டோஸையும் மேக்கையும் துடைத்து நிறுவியபிறகும் அவை பூஜ்யம் என்றே சொல்லும். அப்போது குற்றம் லினக்ஸ் பக்கம்தான் என்று அடித்துச் சொல்லலாம். அதை முதலில் தம்பி மனைவியிடம் போய்ச் சொல்லி, அப்படியே மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதலில் விண்டோஸ். டிஸ்க்கை முழுவதுமாக அழித்து, இயங்குதளத்தை ஏற்றி, மென்பொருளை நிறுவி, காலையில் தலை ஒன்றைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிவதுதானே புதிய பதிப்பின் பெருமை. அந்த வேகம் எங்கே போனது? மதியச் சாப்பாட்டை நான் தொடவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் பதில் வந்தது. ஏழு.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எல்லாம் சுலபம். ஒரு தலையை அளந்து முடித்ததும் எங்கள் மென்பொருள் அதில் பாதி வேலையைத் தனியாக ஒரு கோப்புறையில் சேமித்து வைக்கும், பதிப்பை நீக்கினாலும் அது அழியாது. அதே படம் மறுபடி வந்தால் அதையே எடுத்துப் பயன்படுத்தும், நேரம் மிச்சம். ஆனால் எடுப்பதற்கு முன்னால், இது அதே படம்தானா என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. பழைய பதிப்பில் அதை எழுதியவன் தம்பி. புதிய பதிப்பில் அது இல்லை. தலை ஒன்று என்ற பெயரைப் பார்த்ததும், விண்டோஸும் மேக்கும் போன வருடம் செய்து வைத்ததையே எடுத்து இந்த வருடத்துக்கும் பரிமாறிவிட்டன. போன வருடத்தைப் போன வருடத்தோடு ஒப்பிட்டால் பூஜ்யம் வராமல் என்ன வரும்? லினக்ஸில் டிஸ்க் புதிது, மிச்சம் மீதி எதுவும் இல்லை. அதனால் அது ஒழுங்காக உட்கார்ந்து வேலை செய்து உண்மையைச் சொன்னது. கிறுக்கு என்று நாங்கள் பழித்தது அதைத்தான்.

இந்தப் பதிப்பு வெளியே போயிருந்தால், இரண்டாம் முறை ஸ்கேனுக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றமே இல்லை என்று சொல்லியிருக்கும். எத்தனை பேரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ.

சரிபார்ப்பு விட்டுப்போனது ஒரு பக்கம். தேடிக்கொண்டு போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே கோப்புறையைத் திறக்கும் பகுதியைத் தம்பி மூன்று இடங்களில், மூன்று வேறு பெயர்களில் எழுதியிருந்தான். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒவ்வொன்றையும் அப்போதுதான் முதன்முறையாக யோசித்து எழுதியதுபோல் அக்கறையாக எழுதியிருந்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை இரண்டு முறை எழுதினாலே பிடித்துக் கிழிக்கிறவன் அவன். குதிரை, ஏழு பங்கு, இயங்குதளம் எல்லாவற்றையும் விடுங்கள். அந்த மூன்று பகுதிகளையும் படித்தபோதுதான் அது நோய்தான் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவனைக் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, வளைக்கத் தெரிந்தால்தானே. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான், மிகச் சரியான சந்தேகம். சரிபார்ப்பு விட்டுப்போனதைச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேக் இன்னும் பாக்கி இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு."

"அப்ப இன்னும் பதில் வரல. வா."

மேக்கை அவனே துடைத்தான். அவனே நிறுவினான். விரல்கள் பழையபடி வேகமாகத்தான் ஓடின. இந்த வருடப் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இப்போதுதானே கேட்டேன் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

அது ஓடி முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அறையில் கம்ப்யூட்டர்களின் காற்றாடிச் சத்தம் மட்டும். மற்றவர்களுக்கு ஏதோ புரிந்து, யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. அவன் மகளைப் பற்றிப் பேசினான். பழைய பள்ளிக்கூட வாசலில் நின்ற கதையை அவனே சொன்னான். அங்கே காவலாளி உட்காருவதற்கு நாற்காலி கொடுத்தாராம், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்றான். அப்பாவைப் பற்றியும் கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா அக்கா?"

"தெரிஞ்சிருக்காதுடா. அந்த ஒரு புண்ணியமாவது இருந்துச்சு."

"எனக்குத் தெரியுதே" என்றான்.

நான் திரும்பி, எத்தனை படி முடிந்திருக்கிறது என்று மேக்கின் திரையைப் பார்த்தேன்.

மேக்கில் பதில் வந்தது. ஏழு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் சில்லறைகூட மாறவில்லை. என் பணிக்காலத்தில் மூன்று இயங்குதளமும் அவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. தம்பி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் நிதானமாகப் படித்தான்.

"அப்ப நம்ம புரோகிராம் சரியாத்தான் வேலை செய்யுது" என்றான். "நான் கெடுத்தது போக மிச்சம்."

நான் அழுதுவிட்டேன். அலுவலகத்தில் அழுகிற பெண்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. அவன் அழவில்லை. நாற்காலியை நகர்த்தி மற்றவர்களுக்கு நான் தெரியாதபடி மறைத்து உட்கார்ந்துகொண்டான். "அழாத. ரிலீஸ் தள்ளிப்போச்சுன்னு நம்ம 'நாளைக்கே' மயங்கி விழுந்துருவாரு" என்றான். அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்புறம் அவன் ஒன்று கேட்டான். எங்கள் மென்பொருளுக்குள் யார் யார் திருத்தம் எழுதலாம் என்று அனுமதி கொடுப்பது, எடுப்பது எல்லாம் சோதனை பார்க்கிறவள் என்ற முறையில் என் கையில் இருந்தது. "என் அனுமதியை எடுத்துடு அக்கா. நான் எழுதறது எதுவும் இனிமே உள்ள போகக் கூடாது" என்றான். மேலாளரிடம் சொல்லி எடுக்கச் சொல்கிறேன், நான் செய்யமாட்டேன் என்றேன்.

"அவர் வேணாம். அவர்கிட்ட பேசி நான் திரும்ப வாங்கிடுவேன். உங்கிட்டதான் என் பேச்சு செல்லாது." திரையை என் பக்கம் திருப்பி வைத்தான். "நான் வந்து கேப்பேன் அக்கா. இன்னும் ரெண்டு மாசமோ நாலு மாசமோ. நல்லாத்தான் பேசுவேன், உனக்கே சரின்னு படும். குடுத்துடாத."

சரி என்றேன். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரில் இருந்த குறியை அவன் கண் முன்னாலேயே எடுத்தேன். அந்த மென்பொருளின் முதல் வரியை எழுதியவன் அவன். எடுத்து முடிந்ததும், சரியாக எடுத்துவிட்டேனா என்று ஒரு வரி எழுதி அனுப்பிச் சோதித்துப் பார்த்தான். உள்ளே போகவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்து, டாக்டரம்மாவைப் பார்க்கத் தெருவைக் கடந்து போனான்.

டாக்டரம்மா வேண்டிய சோதனைகளையெல்லாம் செய்தார். அப்பாவுக்கு இருந்ததுதான். தம்பி மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க பயந்துதான் அப்படிப் பேசுனீங்கன்னு அன்னைக்கே தெரியும் அண்ணி" என்றாள்.

பழைய சரிபார்ப்பை எடுத்து நானே புதிய பதிப்பில் பொருத்தினேன். வேகம் போயிற்று, பதில் சரியாக வந்தது. தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பியை வேலையை விட்டுப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, 'நாளைக்கே'வுக்குக்கூட. என் முதுகுக்குப் பின்னால் அதே நாற்காலியில் தினமும் வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் திறந்து படிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. முதலில் சில வாரம் அவனே அதைக் கேலி செய்துகொண்டிருந்தான், மியூசியத்தில் உட்காரவைத்துவிட்டீர்கள் என்று. பிறகு கேலி நின்றது. கேட்டதையே கேட்பதும், மனைவி வந்து மாலையில் கூட்டிக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் மடிக்கணினியைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்தான். ஒரு திருத்தம் எழுதியிருக்கிறேன், உள்ளே போகமாட்டேன் என்கிறது, அனுமதி இல்லை என்கிறது, பார் என்றான். வாங்கிப் பார்த்தேன். படம் அதேதானா என்று பார்க்கும் சரிபார்ப்பு. அது இல்லாமல் போனால் எவ்வளவு ஆபத்து என்று மேலே விளக்கமும் எழுதியிருந்தான். நான் எப்போதோ பொருத்திவிட்டதை, அது அங்கே இருப்பது தெரியாமல், மறுபடி அடியிலிருந்து யோசித்து எழுதியிருக்கிறான். பழையதைவிட நன்றாக இருந்தது. எத்தனை முறை படித்தும் அதில் ஒரு குற்றம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கடா" என்றேன்.

"அப்ப உள்ள விடு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் தப்பாப் போய்க்கிட்டிருக்கு அக்கா. உயிர் விஷயம்."

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டான். கண்ணாடி அறைக்கு வா என்றேன், வரவில்லை. நின்ற இடத்திலேயே, எல்லோர் காதிலும் விழ, அனுமதியை எடுக்கச் சொன்னது அவன்தான், திரும்பக் கேட்டாலும் கொடுக்காதே என்று சொன்னதும் அவன்தான் என்று சொன்னேன். வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோல் கேட்டான். அப்புறம் முகம் சிவந்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. எந்த முட்டாளாவது அப்படிச் சொல்வானா? சின்ன வயசுலேர்ந்து நான் எழுதறதையெல்லாம் தப்புன்னு சொல்றதுதானே உனக்குப் பொழைப்பு. இன்னைக்கு ஒரு தப்பும் கிடைக்கல, அதான் கதவை மூடிட்ட. நீயெல்லாம் ஒரு அக்கா."

அறையில் எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் அனுமதிப் பட்டியலைத் திறந்திருந்தேன், என் சுட்டி அவன் பெயரின்மேல்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், அவன் குழந்தை மாதிரி சிரித்திருப்பான். எழுதியதும் சரியாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு முறை விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று எனக்கே தோன்றியது. உனக்கே சரின்னு படும் என்று அவன் சொன்னது இதைத்தான். நான் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. இப்போது வேலைக்கும் வருவதில்லை. நான் வீட்டுக்குப் போனால் எழுந்து உள் அறைக்குப் போய்விடுகிறான். அக்காவோடு ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று அவன் மனைவி கேட்டுப் பார்த்திருக்கிறாள். அவ எனக்கு என்னமோ பண்ணிட்டா என்றானாம். என்ன பண்ணினாள் என்று கேட்டதற்கு வெகு நேரம் யோசித்துவிட்டு, தெரியல, ஆனா பெரிசா என்னமோ பண்ணிட்டா என்றானாம்.